ஸ்கார்விக்கிலிருந்து முப்பத்தைந்து நிமிடம்

“முதலில் மோல்விக், அடுத்தது சாண்ட்பேர்க், அதற்குப் பிறகு திவெர்நெஸ், கடைசியாக லாங்நெஸ்” என்று விமானப் பணிப்பெண் நோர்வேஜிய மொழியில் அறிவித்தபோது பவளராணி இருக்கைப் பட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டிய கை அப்படியே நின்றது. கடைசியாகவா, கடைசி என்றால் எத்தனை மணிக்குக் கடைசி, முப்பத்தைந்து நிமிடம் என்றல்லவா லாங்நெஸ்ஸில் இருக்கிற குலசிங்கம் சொன்னார், ஸ்கார்விக்கில் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் லாங்நெஸ், நடுவில் கடலும் பனிமலையும் தவிர ஒன்றும் இல்லை என்று சொன்னாரே, இந்த மோல்விக்கும் சாண்ட்பேர்க்கும் எங்கிருந்து முளைத்தன. பக்கத்து இருக்கையில் கம்பளித் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி இருந்தாள், ரான்டி என்று ஏறும்போதே கை கொடுத்துப் பெயர் சொன்னவள், லாங்நெஸ்ஸுக்குப் பல் பிடுங்கப் போகிறாளாம். அவளிடம் கேட்டாள், “இது நேரே போகாதா?” “காலை விமானமா? இது எல்லா வாசலிலும் நின்று போகிற பால்வண்டி. நேரே போவது பதினொரு மணி விமானம். நாம் போய்ச் சேரப் பதினொன்று இருபது ஆகும்.” பதினொன்று இருபது. பவளராணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் கணக்கு நினைவுக்கு வந்தது. இன்று வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. பதினொரு மணி விமானம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது என்றுதான் பார்த்துப் பார்த்து எட்டு ஐம்பது விமானத்தைப் பிடித்தாள், எட்டு ஐம்பதோடு முப்பத்தைந்தைக் கூட்டினால் ஒன்பது இருபத்தைந்து, ராகு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே குலசிங்கத்தின் வீட்டு வாசலில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டாள். டிக்கெட்டில் போய்ச் சேரும் நேரம் இருந்திருக்கும், இல்லாமலா, ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை, முப்பத்தைந்து நிமிடம் என்று குலசிங்கம் சொன்ன பிறகு டிக்கெட் எதற்கு அதைச் சொல்லவேண்டும். முப்பத்தொரு வருஷமாக இந்த நாட்டின் தலைமாட்டில் இருக்கிறாள், மேற்கேயும் தெற்கேயும் போய் வந்திருக்கிறாள், கிழக்குப் பக்கம் போக ஒரு காரணமும் இருந்ததில்லை. இப்போது முதல் தடவையாகக் காரணம் கிடைத்துக் கிளம்பினால் இப்படி. மூன்று இடத்தில் ஏறி இறங்கி, ராகுவைச் சுற்றிப் போகிறேன் என்று புறப்பட்டு, நேரே ராகுவின் மடியிலேயே போய் இறங்கப் போகிறாள்.

விமானம் ஒரு தடவை நடுங்கி எழும்பியது. கீழே ஸ்கார்விக்கின் விளக்குகள், துறைமுகம், அவள் இருபத்தொன்பது வருஷம் நின்று வேலை செய்த மீன் தொழிற்சாலையின் நீளமான கூரை, எல்லாம் சாய்ந்து விலகின. வெளியே ஒன்பது மணி இருட்டு. சூரியன் கார்த்திகையில் போனது, இன்னும் வரவில்லை, தை பிறந்து எட்டு நாள் கழித்துத்தான் வருமாம். மடியில் கைப்பை, கைப்பைக்குள் செய்தித்தாள் சுற்றிய ஒரு கலண்டர். அவளுடையதல்ல, குலசிங்கத்தின் கலண்டர். இந்த வருஷமும் அவளுடையதும் அவருடையதும் ஒன்றாக அவளிடமே வந்துவிட்டன. தெற்கே இருக்கிற கோயில் சங்கம் ஒன்று, வடக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடக்கிற தமிழருக்கெல்லாம் வருஷா வருஷம் அனுப்புவது, யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது, நாளுக்கொரு தாள் கிழிக்கிற தடித்த கலண்டர். போன தையில் அது முதல் தடவை மாறி வந்தபோது அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு பின்னேரம் தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தது. “தங்கச்சி, நான் லாங்நெஸ்ஸில இருந்து குலசிங்கம் கதைக்கிறன். கோயில் சங்கத்தில விசாரிச்சன், என்ர வருஷம் உங்களிட்ட வந்திட்டுதாம்.” அவள் சிரித்துவிட்டாள். யாரென்றே தெரியாத மனுஷனிடம், சிரித்துப் பல நாளான வாயால், வாய்விட்டே சிரித்துவிட்டாள். “ஓம் அண்ணை, இஞ்ச பத்திரமா இருக்கு. நாளைக்குத் தபாலில போட்டுவிடுறன்.” நாளைக்குப் பனிப்புயல். கடை பூட்டு, கடைக்குள் இருக்கிற தபால் மேசையும் பூட்டு. அன்று பின்னேரம் ஏழு மணிக்கு மறுபடியும் குலசிங்கம். “அப்ப வாசிச்சாவது காட்டுங்கோவன், நாளைக்கு என்ன நாளெண்டு.” அவள் அவருடைய கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து நாளைய தாளை வாசித்தாள், திதி, நட்சத்திரம், ராகு காலம், கீழே பொடி எழுத்தில் இருந்த சமையல் குறிப்பு வரைக்கும். அதற்கு மறுநாள் புயல் விட்டுவிட்டது. தபால் மேசை திறந்தது. அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் கால் வழுக்கும் என்று சொல்லியிருப்பாள். அவரும் கேட்கவில்லை. குசினிச் சுவரில் தன்னுடைய கலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து அவருடையதைத் தொங்கவிட்டாள்.

அப்படிப் பதினொரு மாதம். பின்னேரம் ஏழு மணி, ஒரு தாள் அவளுக்கு, ஒரு தாள் அவருக்கு. குலசிங்கம் பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தார், கொதிகலன், பூட்டு, ஒழுகுகிற குழாய் எல்லாம் அவர் பொறுப்பு, ராகுவையும் கேதுவையும் துளியும் நம்பாத மனுஷன். “இஞ்ச சூரியன் உதிக்கிறதே இல்லை. உதிக்காத சூரியனுக்கு ராகு காலம் எங்கால கணக்குப் பாக்கிறது?” என்று அவரே கேட்டுவிட்டு, “சரி சரி, நாளைக்கு எத்தனை மணிக்கெண்டு சொல்லுங்கோ” என்பார். வாசித்து முடிந்ததும் கட்டாயம் ஒரு கேள்வி வரும். “நீங்கள் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?” அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்தது, வேறொன்றுமில்லை. பிறந்ததிலிருந்து மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று அவள் கேட்டிருக்கிறாள், அவளை யார் கேட்டது. பாணும் சம்பலும் என்று சொன்னால் அத்தோடு விடமாட்டார், சம்பல் இடித்ததா அரைத்ததா, செத்தல் மிளகாயா பச்சை மிளகாயா, தேங்காய் எங்கே வாங்கினீர்கள், நீதிபதி மாதிரி விசாரணை. மாசியிலோ பங்குனியிலோ ஒரு நாள் தொலைபேசியை வைத்த பிறகு அவளுக்குத் திடுக்கென்றது. அன்று முழுக்க அண்ணை என்ற சொல்லைத் தான் சொல்லவே இல்லை. அவரும் தங்கச்சி என்று சொல்லவில்லை. இரண்டு சொல்லும் எப்போது கழன்று விழுந்தன, யார் முதலில் விட்டது, யோசித்து யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் எப்போதாவது பவளம் என்பார், அவளுக்கு அவரைக் கூப்பிட ஒரு சொல்லும் இல்லை. “கேக்குதோ?” “ஓம், சொல்லுங்கோ.” அதுதான் கூப்பிடுவது. முகத்தையும் பார்த்ததில்லை. வீடியோவில் வரச் சொல்ல இரண்டு பேருக்குமே வெட்கம். ஒரு தடவை கொதிகலன் பழுதாகிப்போனதென்று படம் பிடித்து அனுப்பினார், அதில் ஓரமாக அவருடைய இடது முழங்கை தெரிந்தது. நீலச் சேர்ட், மடித்துவிட்ட கை. அந்தப் படத்தைப் பவளராணி எத்தனை தடவை விரித்துப் பெருப்பித்துப் பார்த்தாள் என்பதை வெளியில் சொல்ல முடியாது, ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒரு முழங்கையைப் போய் அப்படிப் பார்ப்பதா.

“உங்களுக்கும் எனக்கும் நடுவில வான்வழியால நூற்றெழுபது கிலோமீற்றர்” என்று ஆனியில் ஒருநாள் சொன்னார். “விமானத்தில முப்பத்தைஞ்சு நிமிஷம். றோட்டால எண்டா நானூற்றுமுப்பது, ஏழு மணித்தியாலம், அதுவும் கோடையில. வான்வழியைப் பாத்தா யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.” கொஞ்சம்தான் கூடவா. குலசிங்கம் எண்பத்தேழிலேயே நாட்டை விட்டு வந்தவர், அவருக்கு அந்தத் தூரம் கிலோமீற்றரில்தான் தெரியும். பவளராணிக்கு அது நாள் கணக்கு. தொண்ணூற்றி மூன்றில் அவளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போக மூன்று நாள் எடுத்தது, மாட்டு வண்டில், கிளாலிக் கடலில் வள்ளம், பிறகு டிராக்டர், பிறகு நடை. வள்ளத்தில் இப்படித்தான் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், இதே பிடிதான். அன்றைக்கும் போகிற இடத்தின் முடிவில் ஒருவர் இருந்தார், நோர்வே மாப்பிள்ளை இராசநாயகம், படத்தில் மட்டும் பார்த்த முகம். அன்றைக்கு முகம், இன்றைக்கு முழங்கை, வயது போகப் போகக் குறைந்துகொண்டு வருகிறதே என்று நினைத்துத் தனக்குள் சிரித்தாள். அதற்குள் சக்கரம் தரையில் முட்டி உலுக்கியது, மோல்விக். ஒரே ஒரு பெட்டி இறங்கியது, ஒரு சிறுமி தகப்பனின் தோளில் நித்திரையாய் ஏறினாள். பாரம் ஏற்றுகிற பெண்ணே பிறகு ஓடிப்போய் விமானத்துக்குக் கை காட்டினாள், இந்த ஊர்களில் விமான நிலையம் முழுவதும் இரண்டு மூன்று பேர்தான்.

மணி பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து, சொல்லி வைத்தாற்போல். இப்போது அங்கே அவர் வந்திருந்தால்? வரமாட்டார், எங்கே வருவது, வா என்று அவர் சொல்லவே இல்லையே. மார்கழி தொடங்கி நாலு நாள் ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அந்த நாலு நாளும் அவள் அவருடைய கலண்டரில் கை வைக்கவில்லை, தன்னுடையது முன்னால் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் அவருடையது ஒரு செவ்வாய்க்கிழமையில் நின்றது. ஐந்தாம் நாள் அடித்தது. குரல் அவருடையதுதான், ஆனால் சொற்களின் ஓரம் மழுங்கியிருந்தது. பாரிசவாதமாம், இலேசாகத்தானாம், கால் தேறிவிட்டதாம், இடது கை மட்டும் சொல் கேட்கவில்லையாம். அவள் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, “தாள் நாலு கிழிக்காமல் கிடக்கு, வாசிக்கட்டோ?” என்றாள். “பவளம், இனிக் கிழிக்க வேண்டாம்” என்றார். “ஒன்பது வருஷம் ஒரு ஆளைத் தூக்கிப் படுத்தின பிள்ளை நீங்கள். இன்னொரு ஆள் உங்களுக்கு வேண்டாம். என்ர வருஷத்தைக் குப்பையில போட்டுவிடுங்கோ.” அவள் போடவில்லை. பிறகு அவள் தொலைபேசி எடுத்தால் அவர் சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்லி வைத்துவிடுவார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை. போன கிழமை புதுக் கலண்டர் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. நேற்றுப் பின்னேரம் ஏழு மணிக்கு, வேறெப்போது, அவள் செய்தி அனுப்பினாள்: உங்கட வருஷம் இந்த முறையும் என்னட்ட வந்திட்டுது. நாளைக்குக் கொண்டுவாறன், 9.25. இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டார், பதில் இல்லை. இப்போது மோல்விக்கில் கதவு திறந்திருக்கிற நேரம் பார்த்து அவசர அவசரமாக எழுதினாள்: விமானம் சுத்திப் போகுது, 11.20தான். ஒரு கோடு. ஒன்றே ஒன்று, அதுவும் சாம்பல் நிறம். போய்ச் சேரவில்லை. தொலைபேசியை நிறுத்திவிட்டாரா, அவள் வரும் நாள் என்பதற்காகவே நிறுத்திவிட்டாரா, அல்லது, வேண்டாம் அதை நினைக்கக்கூடாது, அல்லது விழுந்து கிடக்கிறாரா. பணிப்பெண் வந்து தொலைபேசியை மூடச் சொன்னாள்.

மறுபடி மேலே, மறுபடி அதே நடுக்கம். அவளுடைய பயம் எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் ஸ்கார்விக்கில் ஏறினாள், ஆனாலும் அது இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கி ஏறுகிறது. அவர் கதவைத் திறக்காமல் விட்டால் அழுதுவிட்டுத் திரும்பலாம், அது பயமில்லை. அவர் திறந்தால்? திறந்து அந்தக் கை தொங்குவதை அவள் பார்த்தால்? பார்த்த உடனே இந்த இரண்டு கையும், மடியில் பையைக் கட்டிக்கொண்டிருக்கிற இதே கைகள், அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடும். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடும், முதுகுக்குத் தலையணை வைக்கும், வாயோரம் துடைக்கும். இந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். இராசநாயகம் மீன்பிடிப் படகின் தளத்தில் விழுந்து முதுகெலும்பு போனபோது மகன் நிரோஜனுக்குப் பதின்மூன்று வயது, அன்றிலிருந்து ஒன்பது வருஷம், மீன் வெட்டுகிற கை வீட்டுக்கு வந்ததும் அவரைப் புரட்டுகிற கையாகும், காலை ஆறு மணிக்கு, பின்னேரம் நாலு மணிக்கு, படுக்கப் போகும்போது. அவள் சலித்ததில்லை. நல்ல மனுஷன், ஒரு நாளும் கத்தியதில்லை, கடைசி மாதத்தில் ஒருநாள் கையைப் பிடித்து, “உன்னை ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகேல்லையடி” என்றுதான் அழுதார். அவர் போய் நாலு வருஷம். குறையாக அவள் ஒன்றையும் நினைக்கவில்லை, ஒன்றைத் தவிர. படுக்கைக்கு முந்திய இராசநாயகத்தின் முகம் அவளுக்கு நினைவில் வருவதில்லை. பாட்டுப் போட்டுவிட்டுக் கார் ஓட்டின மனுஷன், அவளைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறி வருகிற மனுஷன், அந்தப் பதினெட்டு வருஷ மனுஷன் எங்கே போனான்? எத்தனை முயன்றாலும் தலையணையில் கிடக்கிற முகம்தான் வருகிறது. அவரை இந்தக் கைதான் துடைத்தது. துடைத்துத் துடைத்து அவரையே இல்லாமல் பண்ணிவிட்டது. குலசிங்கத்தையும் அப்படித் துடைத்துவிட்டால்? முழங்கையும் நீதிபதி விசாரணையும் போய் ஒரு உடம்பு மட்டும் மிஞ்சிவிட்டால்? ஏழு மணிக்குச் சிரித்த அந்தப் பவளம் என்ற பெண், அவளுக்கு வயது பதினொரு மாதம்தான், அவளும் போய்விடுவாளே. “அம்மா, திரும்பவும் ஒராளைத் தூக்கப் போறீங்களா?” என்று ஒஸ்லோவிலிருந்து நிரோஜன் கேட்டபோது, இல்லை, கலண்டர் குடுக்கத்தான் போறன் என்று சொன்னாள். பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் அவளுக்கே தெரியாது.

சாண்ட்பேர்க்கில் பனி நீக்கும் வண்டி வந்து செட்டையில் ஏதோ பச்சைத் தண்ணீரைப் பீச்சி அடித்தது, பத்து நிமிடம், இருபது நிமிடம். ரான்டி வாயைத் திறந்து குறட்டை விட்டாள், பிடுங்கப்போகிற பல் எதுவென்றே பார்த்துவிடலாம் போலிருந்தது. தொலைபேசியைத் திருட்டுத்தனமாகத் திறந்தாள், ஒரு கோடு, சாம்பல். ஒன்பது இருபத்தைந்துக்கு அவர் வந்திருந்தால், வந்து பார்த்து, விமானமும் இல்லை அவளும் இல்லை, பயந்துபோனாள், நல்லது, அவளுக்கு அதுதான் நல்லது என்று திரும்பிப் போயிருப்பார். அந்த மனுஷனுக்கு அப்படித்தான் யோசிக்க வரும். அப்படி அவர் திரும்பி நடப்பதை நினைத்தவுடன், முகம் தெரியாதவரின் முதுகு மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது. ஏன் முப்பத்தைந்து நிமிடம் என்று மட்டும் சொன்னார், பால்வண்டி ஒன்று இருக்கிறதென்று ஏன் சொல்லவில்லை, என்று அவரில் கோபம் வந்தது. ஏன் ராகு காலம் பார்த்தாய் என்று தன்னிலும் வந்தது. நம்பாத மனுஷனைப் பார்க்கப் போக நல்ல நேரம் பார்த்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். ஆனால் பதினொரு மாதம் ஒவ்வொரு நாளும் அவருக்கு அதை வாசித்துவிட்டு, அவரிடம் போகிற நாளில் மட்டும் அதைப் பார்க்காமல் எப்படிப் போவது, அது அவர்களுடைய பேச்சல்லவா, அவர்களிடம் வேறு என்ன இருந்தது.

திவெர்நெஸ்ஸில் அவள் பட்டியைக் கழற்றிவிட்டாள். வெளியே இருட்டு நீலமாக மாறத் தொடங்கியிருந்தது, பனிமேட்டின் விளிம்பு தெரிந்தது. இங்கேயிருந்து ஸ்கார்விக்குக்கு ஒரு மணித்தியாலத்தில் விமானம் இருக்கிறதென்று முன்னால் ஒருவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம். இறங்கி, கலண்டரை ரான்டியிடம் கொடுத்து, லாங்நெஸ் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். தபாலில் போட வேண்டியதைப் போட்டாயிற்று, ஒரு வருஷம் பிந்தி. வீட்டில் குசினிச் சுவரில் ஒரு ஆணி சும்மா நிற்கும், அதற்கென்ன, ஏதாவது துணியைத் தொங்கவிடலாம். எழும்பினாள். தலை மேல்தட்டில் இடித்தது. ரான்டி கண் விழித்து, “பறக்கப் பயமா?” என்று கேட்டாள். “இல்லை” என்றாள் பவளராணி. “அப்படியென்றால் இறங்கவா பயம்?” பவளராணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கிழவி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எனக்கும் அந்தப் பல் வைத்தியனைப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பவளராணி நின்றாள், நின்ற நிலையிலேயே கதவு பூட்டப்படுவதைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். இறங்காமல் விட்டது முடிவா, கால் நகராததா, அவளுக்கு விளங்கவில்லை.

கடைசிப் பறப்பு இருபத்தைந்து நிமிடம். இருபதாவது நிமிடத்தில் லாங்நெஸ்ஸின் ஓடுபாதை விளக்குகள் கீழே இரண்டு வரியாகத் தெரிந்தன, வலப்பக்கம் ஒரு சிறிய மஞ்சள் வெளிச்சக் கட்டடம், அதற்குள்தான் வந்தவர்களைக் கூட்டிப்போக வந்தவர்கள் நிற்பார்கள். காற்று பக்கவாட்டில் வந்து விமானத்தை அறைந்தது. விளக்குகள் கிட்ட வந்தன, இன்னும் கிட்ட வந்தன, பனியின் சொரசொரப்பே தெரிந்தது, அந்த நேரம் பார்த்து இயந்திரம் அலறிக்கொண்டு முழு விமானமும் மேலே எழும்பியது. விளக்குகள் வயிற்றுக்குக் கீழே ஓடிப் பின்னால் போயின. மஞ்சள் கட்டடம் போயிற்று. மோல்விக்கில் ஏறிய சிறுமி அழத் தொடங்கினாள். விமானி அறிவித்தார், காற்று ஒத்துவரவில்லை, இன்னும் ஒரே ஒரு தடவை முயல்வோம், சரிவராவிட்டால் ஸ்கார்விக்குக்கே திரும்பிவிடுவோம். ஸ்கார்விக்குக்கே. பவளராணிக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், இருபது நிமிடத்துக்கு முன்னால் கேட்டது அதைத்தானே, தானாகவே கிடைக்கப்போகிறது, யார்மேலும் பழி இல்லாமல், காற்றின்மேல் பழி. ஆனால் அவள் முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இறக்கு” என்று தமிழில் சத்தமாகச் சொன்னாள். “இறக்கு, இறக்கு, என்னை இதிலதான் இறக்கு.” சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். யாரிடம் கேட்கிறாள், விமானிக்குத் தமிழ் தெரியாது, மணி பதினொன்றரை, இந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். அப்பனே, ராகுவே, உன்னைச் சுத்திப் போக நினைச்சது பிழை, மன்னிச்சுக்கொள், உன்ர நேரத்திலயே இறக்கிவிடு. அவர் திரும்பிப் போயிருந்தாலும் சரி, கதவைத் திறக்காவிட்டாலும் சரி, கை என்ன செய்தாலும் சரி, அதையெல்லாம் நான் கீழே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், மேலே வைத்துச் சுற்றாதே. ரான்டி அவளுடைய கையைப் பிடித்து இறுக்கினாள். விமானம் கடலுக்கு மேல் சாய்ந்து திரும்பியது, விளக்குகள் மறுபடி வந்தன, காற்று மறுபடி அறைந்தது, ஒரு சக்கரம் முட்டியது, பிறகு மற்றது.

படியால் இறங்கி நடந்தாள். காற்று சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மஞ்சள் கட்டடத்துக்குள் ஒரு கோப்பி இயந்திரமும் ஏழெட்டுக் கதிரைகளும் இருந்தன. பல் வைத்தியனிடம் போகிறவளைக் கூட்டிப்போக ஒரு பேரன் வந்திருந்தான், சிறுமியைக் கூட்டிப்போக ஒரு தாய் வந்திருந்தாள். ஓடுபாதைப் பக்கக் கண்ணாடி ஓரமாக, அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறத் தொப்பி, தடித்த மேற்சட்டை, இடது கை மடியில் வைத்தது வைத்தபடி. விமானம் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்கள் வேறு கதவால் வருவார்கள் என்பதை மறந்துபோனவர் மாதிரி. பவளராணி அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றாள். கூப்பிட வேண்டும். அண்ணை என்று கூப்பிட முடியாது, அது எப்போதோ போய்விட்டது. குலசிங்கம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. வாயைத் திறந்தாள், அவளுடைய தாய் தகப்பனைக் கூப்பிட்ட சொல் வந்தது.

“இஞ்சருங்கோ.”

அவர் திரும்பினார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் முதலில் வந்தது, மற்றப் பக்கத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. நல்ல முகம். அவள் நினைத்ததைவிட மூக்கு பெரிது.

“ஒன்பது இருவத்தைஞ்செண்டு எழுதியிருந்தியள்” என்றார்.

“ஓம். பிழையா எழுதிப்போட்டன்.”

“ஒன்பது இருவத்தைஞ்சுக்கு இஞ்ச ஒரு விமானமும் இல்லையெண்டு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ வந்து இருக்கிறியள்?”

“நீங்கள் வாறனெண்டு சொன்ன நேரமெல்லோ.”

“பதில் ஏன் போடேல்லை?”

“போட்டா வேண்டாமெண்டு போடவேணும். மனம் வரேல்லை.”

“போன் ஏன் வேலை செய்யேல்லை?”

“கை ஒண்டுதானே. பிளாஸ்கைத் தூக்கினன், போன் மேசையிலயே இருந்திட்டுது. சார்ஜும் இல்லாமல் கிடந்தது.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப ராகு காலம் எல்லே. பன்னெண்டு மட்டும் இதிலயே இருந்திட்டு வீட்ட போவம்.”

“நீங்கள் நம்பாத ஆள்.”

“இண்டைக்கு நம்பிறன்.”

அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய கலண்டரை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். அவர் அதை வலது கையால் ஒரு தடவை தடவிவிட்டு, கதிரைக்குக் கீழே இருந்த பிளாஸ்கை எடுத்தார். அதைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து முழங்கால்களால் இறுக்கினார். வலது கையால் மூடியைத் திருகினார். பிளாஸ்கும் சேர்ந்து திரும்பியது. மறுபடி இறுக்கினார், மறுபடி திருகினார், மறுபடி திரும்பியது. பவளராணியின் கைகள் மடியிலிருந்து எழும்பின, அவளைக் கேட்கவே இல்லை, பாதித் தூரம் போய்விட்டன. அவள் அவற்றைப் பிடித்து இழுத்து மேற்சட்டைப் பைக்குள் திணித்தாள், இரண்டையும், மணிக்கட்டு வரைக்கும். உள்ளே விரல்கள் துடித்தன. துடிக்கட்டும்.

அவர் கவனித்தார். பிளாஸ்கை இன்னும் இறுக்கிக்கொண்டு, மூடியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, ஐந்து கிழமையாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“பாணும் சம்பலும்.”

“இடிச்சதோ, அரைச்சதோ?”

“இடிச்சது” என்றாள் பவளராணி, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல். “செத்தல் மிளகாய் போட்டு. தேங்காய்க்குப் பெரிய கதை ஒண்டு இருக்கு.”

“சொல்லுங்கோ, சொல்லுங்கோ” என்றார் அவர். மூடி இன்னும் திறக்கவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது, அவள் தேங்காய் வாங்கின கதையைத் தொடங்கினாள்.